உயிர் மூலக்கூறுகளும் எளிய கணிப்பொறி மாதிரிகளும்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு (1956-61) அடிப்படையாக அமைந்தது பேராசிரியர் மகலனோபிஸ் வகுத்த மாதிரியாகும். நாட்டின் எண்ணற்ற தொழில்களை அது நான்கே துறைகளாகத் தொகுத்துக் கொண்டது. அயல்நாட்டு வாணிகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அத்திட்டக் காலத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி தோன்றியபோது இக்குறை வெளிப்பட்டது. சிக்கலான ஒன்றை எளிமையாக்கி ஆராய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இது. உயிர் மூலக்கூறுகளை ஆராய்வோரும் இதற்கு விலக்கல்லர்.

அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்து, குறிப்பிட்ட வடிவில் மடிவதால் உருவாவது புரதம். வடிவம் கெடின் அதன் பணியும் கெடும். இம்மடிப்பை அணு அணுவாகக் கணிப்பொறியில் தொடர்வது எளிதன்று. ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்து அசைவைக் காண்பதற்கே 50 கோடிக்குக் குறையாத கணக்கீட்டுப் படிகள் தேவைப்படலாம். பல புரதங்கள் மடிவதற்கோ இதனினும் பன்மடங்கு நேரமாகிறது. ஆகவேதான் எளிய மாதிரிகள் இன்றியமையாதவை ஆகின்றன.

இத்துறையில் நம் நாட்டின் பங்கு பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் 1963இல் அணுக்களை வெறும் கடினக் கோளங்களாகக் கொண்டனர். கோளங்கள் ஒன்றோடொன்று மோதாதவாறு சங்கிலி எவ்வெவ்வாறு திரும்ப இயலும் என்பதை இரண்டே கோணங்களால் வரைந்து காட்டினர். புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றளவும் இவ்வரைபடம் பயன்படுகிறது.

1975இல் லெவிட், வார்ஷல் இருவரும் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓரிரு புள்ளிகளாகச் சுருக்கி, 58 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தின் மடிப்பை ஆராய்ந்தனர். பல்வேறு அளவு நிலைகளை இணைக்கும் மாதிரிகளை உருவாக்கியமைக்காக, கார்ப்ளசுடன் இவ்விருவரும் 2013ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஜெயராம் குழுவினர் உருவாக்கி, 2006இல் வெளியிட்ட 'பகீரத்' என்னும் மென்பொருள், சிறு புரதங்கள் கொள்ளக்கூடிய எண்ணற்ற வடிவங்களைச் சிலவாகக் குறைத்துத் தருகிறது.

எனினும், புள்ளிகளாகச் சுருக்குகையில் அணுக்களின் நுண்ணிய பிணைப்புகள் மறைகின்றன. மருந்து ஒன்று புரதத்தில் பொருந்துமா என்னும் கேள்விக்கு அந்நுட்பமே விடையாகலாம். ஆதலின், ஆய்வுக்கூடச் சோதனையின்றி மாதிரியின் முடிவை மருந்தாகக் கருதலாகாது.

தேசிய மீக்கணிப்பொறி இயக்கத்திற்கு 2015இல் அரசு ரூ. 4,500 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. கருவியின் வேகம் மட்டும் அறிவைத் தருவதில்லை. எந்த மாதிரி முன்வைக்கப்பட்டாலும், மாணவரும் அலுவலரும் முதலில் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இதில் விடப்பட்டது எது?