8 வினாடியில் கைமாறிய பட்டம்!
காற்றை ஏமாற்றும் பந்தய சைக்கிள்கள்

மூன்று வாரப் பந்தயம். மொத்த தூரம் சுமார் 3,285 கிலோ மீட்டர். முதலில் வந்தவர் 87 மணி நேரத்துக்கு மேல் மிதித்தார். இரண்டாவதாக வந்தவர் அவரைவிட எவ்வளவு பிந்தினார் தெரியுமா? வெறும் 8 வினாடி!

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் அது. 1989-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் நடந்த 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில் இது நடந்தது. பட்டம் கைமாறியதற்கு சைக்கிளின் அமைப்பும் ஒரு காரணம்.

கடிகாரத்தோடு போட்டி

அந்தப் பந்தயத்தில் பல நாட்கள் வீரர்கள் கூட்டமாக ஓட்டுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்று தாக்காது. பாதி சிரமம் குறையும்.

சில நாட்களில் மட்டும் ஒவ்வொருவராகத் தனியே விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று கடிகாரம் சொல்லும். ஒளிந்து கொள்ள யார் முதுகும் கிடையாது. வீரருக்கு எதிரி காற்றுதான்.

சைக்கிளில் போகிற எல்லோருக்கும் எதிர்க்காற்று தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும்! ஆகவேதான் இந்தப் போட்டிக்கென்றே தனி சைக்கிள்கள் உண்டு. அவற்றின் விசித்திரமான தோற்றம் அழகுக்காக ஏற்பட்டதல்ல. காற்று செதுக்கிய உருவம் அது.

இருவர், இரண்டு சைக்கிள்

1989 ஜூலை 23. கடைசி நாள். வெர்சேல்ஸ் நகரிலிருந்து பாரீஸ் வரை 24.5 கிலோ மீட்டர் தனி ஓட்டம்.

பிரான்ஸ் வீரர் லோரான் பினியோன் 50 வினாடி முந்தி இருந்தார். 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டும் பட்டம் வென்றவர் அவர். எதிரே அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட். 1986-ல் பட்டம் வென்ற இவர், மறு ஆண்டு வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். இவ்வளவு குறைந்த தூரத்தில் 50 வினாடியை ஈடுகட்ட முடியாது என்றே பலரும் நினைத்தார்கள்.

இருவர் சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பினியோன் சைக்கிளின் இரு சக்கரங்களிலும் ஸ்போக்ஸ் கம்பி கிடையாது. தட்டுப் போல மூடிய சக்கரங்கள். கம்பிகள் சுழன்று காற்றைக் கடைவதை இது தடுக்கும். ஹேண்டில்பார் மாட்டுக் கொம்பு போல இருந்தது. தலையில் கவசம் இல்லை. பின்னால் கட்டிய குடுமி காற்றில் பறந்தது!

லெமாண்ட் சைக்கிளில் பின் சக்கரம் மட்டும் தட்டு. ஆனால் ஹேண்டில்பாருக்கு மேல் முன்பக்கமாக நீண்ட ஒரு வளைவுக் குழாய் இருந்தது. முழங்கைகளை அதன் மேல் ஊன்றி, கைகளைச் சேர்த்து நீட்டி, முதுகு தட்டையாகும்படி குனிந்து கொண்டார். பின்பக்கம் கூர்மையான தலைக்கவசமும் அணிந்திருந்தார்.

பினியோன் கைகளை அகட்டிப் பிடித்ததால் காற்று நெஞ்சில் மோதியது. லெமாண்டைச் சுற்றி அது வழுக்கிக் கொண்டு ஓடியது.

லெமாண்ட் 26 நிமிடம் 57 வினாடியில் முடித்தார். பினியோன் அவரைவிட 58 வினாடி பிந்தினார். 50 போக, 8 வினாடியில் பட்டம் பறிபோனது! பினியோனுக்கு சீட் உராய்ந்து புண் ஏற்பட்டிருந்ததும் உண்மை. ஆனாலும் அடுத்த ஆண்டுகளில் வீரர்கள் எல்லோரும் அந்த வளைவுக் குழாயைத் தேடி ஓடினார்கள்.

சலவை இயந்திரத்தின் பேரிங்!

ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஓப்ரீ இன்னும் ஒரு படி மேலே போனார். தமது சைக்கிளைத் தாமே செய்தார். அதில் சலவை இயந்திரத்தின் பேரிங்கைப் பொருத்தினார்! ஹேண்டில்பார் மிகக் குறுகியது. கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் சொருகிக் கொள்வார்.

1993 ஜூலையில் நார்வே நாட்டு ஓட்டக்களத்தில் அவர் ஒரு மணி நேர சாதனைக்கு முயன்றார். முதல் நாள், அதே மாதிரியில் செய்த வேறொரு சைக்கிளில் ஓட்டித் தோற்றார். மறுநாள் தமது பழைய சைக்கிளில் ஏறினார். ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோ மீட்டர்! உலக சாதனை!

சர்வதேச சைக்கிள் சங்கம் 1994-ல் அந்த மாதிரி உட்காருவதற்குத் தடை போட்டது. பிறகு சைக்கிளின் உருவத்துக்கும் விதிகள் வந்தன. எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. பிரேம் பழைய முக்கோண அமைப்பை ஒட்டியே இருக்க வேண்டும். இன்றைய சைக்கிள்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதில் இருக்கிறது வேகம்?

காற்றுத் தடையில் பெரும் பகுதி சைக்கிளால் வருவதல்ல. அதன் மேல் உட்காரும் மனித உடம்பால் வருவது. விலை உயர்ந்த சக்கரத்தைவிட, குனிய உதவும் ஒரு சிறு குழாய் அதிகம் சாதித்தது இதனால்தான்.

பினியோன் 2010-ல், 50-வது வயதில் காலமானார். இரண்டு முறை பட்டம் வென்றவர். ஆனாலும் உலகம் அவரை '8 வினாடியில் தோற்றவர்' என்றே நினைவு வைத்திருக்கிறது!