அட், ஆன், இன்: தமிழே வழி காட்டும்!

இங்கிலீஷ் பரீட்சையில் அட், ஆன், இன் மூன்றில் எதைப் போடுவது என்று இங்கி பிங்கி போட்டுப் பார்க்கிறீர்களா? வேண்டாம்! நாள், நேரம் வந்தால் நான் முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன்.

'மணிக்கு' என்று வந்தால் அட். கிழமை, தேதியோடு 'அன்று' வந்தால் ஆன். மாதத்தில், ஆண்டில் என்று 'இல்' வந்தால் இன்.

நம் சுதந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்:
1947-ஆம் ஆண்டில் – இன் 1947
ஆகஸ்ட் 15 அன்று – ஆன் ஆகஸ்ட் 15
இரவு 12 மணிக்கு – அட் மிட்நைட்

தமிழில் பின்னால் ஒட்டுவது இங்கிலீஷில் முன்னால் நிற்கும். அவ்வளவுதான்!

ஒன்று மட்டும் உஷார்: 'காலையில்' என்றால் இன் த மார்னிங். ஆனால் 'இரவில்' என்றால் அட் நைட்!

அடுத்த ஜோடி பை, அன்டில். 'வெள்ளிக்கிழமைக்குள் கொடு' என்பது பை ஃப்ரைடே. 'வெள்ளிக்கிழமை வரை காத்திரு' என்பது அன்டில் ஃப்ரைடே. இது மார்க்குக்கு மட்டும் இல்லை. ஸ்காலர்ஷிப் பாரத்தில் 'பை ஃப்ரைடே' என்று போட்டிருந்தால், வெள்ளிக்கிழமை வரை காத்திருந்துவிட்டு சனிக்கிழமை போய் நின்றால் வாங்க மாட்டார்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி