மாமன் ஏந்திய வாள்

விண்ணுலகப் போர்க் கதைகளைப் பார்த்துப் பிள்ளைகள் பொழுதை வீணாக்குகின்றனரே என்று கவலையுறும் பெற்றோர் பலர். நானும் அவ்வாறு எண்ணியவனே. ஓட்டமாவடியில் என்னிடம் பயிலும் மாணாக்கர் சிலர், ‘ஸ்டார் வோர்ஸ்’ வரிசையில் 2017ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் படத்தை எனக்குக் காட்டி, ஒரு வழக்கையும் என்முன் வைத்தனர். அவ்வழக்கை இன்னும் என்னால் தீர்க்க இயலவில்லை.

1977இல் வந்த முதற் படத்தில் ஐயத்துக்கு இடமேயில்லை. லூக் என்னும் இளைஞன் நல்லவன். கரிய கவசம் பூண்ட டார்த் வேடர் கொடியவன். 1980இல் வந்த அடுத்த படத்திலே, அக்கொடியவனே தன் தந்தையென லூக் அறிகிறான். குழப்பம் அன்றே தொடங்கிற்று.

எட்டாம் படத்தில் லூக் முதியவன். உடன்பிறந்தாள் மகன் பென்னுக்கு ஆசான். ஓரிரவு, மருமகனின் உள்ளத்தில் இருள் பெருகுவதை உணர்ந்து, உறங்குகின்ற அவன்மேல் ஒளிவாளை ஏந்துகிறான். மறுகணமே வெட்கித் தயங்குகிறான். அதற்குள் பிள்ளை விழித்துவிட்டான். இவ்விரவு மும்முறை சொல்லப்படுகிறது. முதன்முறை லூக் வாளை மறைத்துச் சொல்கிறான். ‘மாமன் என்னைக் கொல்ல வந்தான்’ என்பது பென்னின் கதை. மூன்றாம் முறையே லூக் உண்மையை ஒப்புக்கொள்கிறான்.

மட்டக்களப்பாருக்கு இக்காட்சி சற்று ஆழமாகவே தைக்கும். தமிழராயினும் முஸ்லிம்களாயினும் தாய்வழியே குடி எண்ணிய நாடல்லவா இது! தாய்மாமன் வாளெடுப்பதா? வருங்காலத்துக்கு அஞ்சி உடன்பிறந்தாள் பிள்ளைகளைக் கொன்ற கம்சனை அரக்கன் என்கிறோம். லூக்கை வீரன் என்கிறோம். இடையிலுள்ளது ஒரு கணத் தயக்கந்தான்.

“அப்ப, பென் செய்த கொலையெல்லாத்துக்கும் மாமாதான் காரணமா, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

பென் தன் தந்தையையே கொன்றவன். 2019இல் வந்த படத்தில் மனந்திருந்தி, நாயகியின் உயிரை மீட்டுத் தான் மடிகிறான். 1983இல் வேடருக்கும் இவ்வாறே மீட்சி கிடைத்தது. இங்கேதான் எனக்குப் பிணக்கு. முதற் படத்தில் ஆல்டெரான் என்னும் உலகமே பொடியானபோது, வேடர் அருகே நின்றவர். அவ்வுலகின் இளவரசி லேயாவிடம், ‘நீ மன்னிப்பாயா?’ என்று 1983ஆம் ஆண்டுப் படம் கேட்கவேயில்லை.

நமது கூத்துக்களரியிலே தீயவனுக்கும் வரவுப் பாட்டும் ஆட்டமும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ இராவணனையே நாயகனாக்கிற்று. அவனுக்காக வருந்துபவர், சீதையைச் சிறையெடுத்ததைச் சரியென்று கொள்ளவேண்டியதில்லை. இதை நான் விளக்கினேன், அம்மாணவி ஒப்பவில்லை.

“லேயா என்ன சொல்லியிருப்பா, சேர்?”

2009இல் போர் ஓய்ந்த இம்மண்ணில், இருசாராரிலும் இழப்பில்லாத வீடு அரிது. ஆளுக்கொரு பக்கம் எழுதிவரப் பணித்தேன். மறுநாள் அவள் தந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: “உம்மம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன், சேர்.”