கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர் டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, மதில் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, பூம்புகாருக்கோ காரைக்காலுக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். 1620-இல் எழும்பிய டான்ஸ்போர்க் கோட்டை அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய பிறகே இங்கே ஓர் ஊர் உண்டானது என்ற எண்ணம் மனதில் தங்கிவிடும். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டப்பட்டது. கோட்டையைவிட முந்நூறு ஆண்டுகள் மூத்தது. டேனிஷ்காரர்கள் ஆளில்லாத மணல்மேட்டைத் தேடி வரவில்லை. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத்தான் இங்கே கால் ஊன்றினார்கள். மன்னர் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

“கோயிலில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது உண்மை. பிற்காலத் திருப்பணியும் நடந்திருக்கிறது. அப்படியே இருந்தாலும், கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதை இந்த இடம் காட்டுகிற அளவுக்குக் கோட்டை காட்டாது. அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கற்களையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

டேனிஷ்காரர்கள் இல்லாவிட்டால் இந்த ஊரை யார் தேடி வருவார்கள் என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. இராஜ வீதியும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் அவர்கள் காலத்தவை. 1706-இல் வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சுப் பணிக்கு ஈடு சொல்லவே முடியாது. ஆனால் அந்தப் பணி நடந்த விதத்தைக் கவனியுங்கள். அவர் தமிழ் கற்றது இந்த ஊர்க்காரர்களிடம். குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். ஐரோப்பியக் கருவியும் தமிழ் மண்ணின் அறிவும் உழைப்பும் கலந்து பிறந்தது அது. அதை அயலார் கொடை என்று மட்டும் எழுதி வைப்பது இந்த ஊருக்குச் செய்யும் அநீதி.

கூட்டம் பெருகினால் மீனவர்களுக்கு இடைஞ்சல் ஆகுமே என்ற கவலையும் சரியானதே. 2004 சுனாமியில் பேரிழப்பைச் சந்தித்த கரை இது. படகும் வலையும் கிடக்கும் இடம் அவர்களுடைய வேலைத்தலம். அங்கே கடைகள் முளைக்கக் கூடாது. வருகிறவர்களைக் கோட்டை வாசலிலேயே குவிக்காமல், கோயில், இராஜ வீதி, பொறையாறு என்று பரவி நடக்கவிட்டால் அந்த நெருக்கடியும் குறையும். அதற்கு முதல் வேலையாக, கோட்டை வாசலில் 1306-ஐயும் சேர்த்துச் சொல்லும் ஒரு வழிகாட்டிப் பலகை வேண்டும்.