இலங்கை வேந்தனும் இராமேச்சுரமும்

இராமநாதபுரத்துக் கடற்கரை வழியே செல்வோர்க்கு ஊர்தோறும் ஒரு கதை எதிர்ப்படும். திருப்புல்லாணியிலே இராமபிரான் கடலரசனை வேண்டித் தருப்பைப் புல்லின்மேற் கிடந்தான் என்பர். தேவிபட்டினத்திலே கடலினுள் ஒன்பது கற்களை நாட்டிக் கோள்களை வழிபட்டான் என்பர். தனுக்கோடிக்குச் செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலிலே வீடணனுக்கு முடி சூட்டினான் என்பர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் புயலும் கடலும் ஒருங்கே எழுந்து தனுக்கோடி நகரை அழித்தபோதும் அக்கோயில் எஞ்சி நின்றது. இக்கதைகள் யாவும் இராமனைப் பற்றியனவே. ஆயினும் இவை அனைத்திற்கும் காரணனாய் நிற்பவன் பிறிதொருவன். அவன் இலங்கை வேந்தனாகிய இராவணன்.

இராமேச்சுரத்துத் திருக்கோயில் எழுந்த காரணத்தை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கின்றோம். இராவணனைக் கொன்ற பழி நீங்கும்பொருட்டு இராமன் ஈண்டுச் சிவபெருமானை வழிபட்டான் என்பது அக்கதை. கேட்டுப் பழகியமையால் அதன்கண் உள்ள வியப்பினை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறன் மனைவியை வஞ்சனையாற் கவர்ந்தவனை அறப்போரிலே கொல்லுதல் எவ்வாறு பழியாகும்? பழியாகுமாயின், கொல்லப்பட்டவன் எத்தகையவன்? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு அவனது இயல்பையும் ஆற்றலையும் அணுகி நோக்குதல் வேண்டும்.

முதற்கண் அவன் குடிப்பிறப்பைக் காண்போம். பிரமதேவன் மகன் புலத்தியன். புலத்தியன் மகன் விச்சிரவன். அவ்விச்சிரவ முனிவனுக்கும் அரக்கர் குலத்துக் கைகசிக்கும் பிறந்தவன் இராவணன். ஆகவே மறையோர் குருதியும் அரக்கர் குருதியும் அவனுடலில் ஒருங்கே ஓடின. செல்வக் கடவுளாகிய குபேரன் அவனுக்குத் தமையன் முறையினன். அத்தமையனிடமிருந்தே இலங்கையையும் புட்பக விமானத்தையும் அவன் பறித்துக்கொண்டான். உயர்குடிப் பிறப்பும் பிறர் உடைமையைக் கவரும் வேட்கையும் தொடக்கந்தொட்டே அவனிடத்துக் கலந்து நின்றன.

அவனுடைய ஆற்றல்கள் மூவகைப்படும். முதலாவது, தவத்தால் வந்தது. தன் தலைகளை ஒவ்வொன்றாக அரிந்து வேள்வித் தீயில் இட்டுப் பிரமனிடம் வரம் பெற்றவன் அவன். தேவர், நாகர், இயக்கர் முதலியோரால் இறவாமை வேண்டியவன், மனிதரை ஒரு பொருட்டாக எண்ணாமையால் அவர்களைக் குறிப்பிடாது விட்டான். அவன் அழிவுக்கு அவ்விகழ்ச்சியே வாயிலாயிற்று. இரண்டாவது, கல்வியால் வந்தது. அவன் வேதம் வல்லவன், இசையில் தேர்ந்தவன், வீணையைத் தன் கொடியில் எழுதியவன். கயிலை மலையைப் பெயர்க்க முயன்று, இறைவன் கால்விரலால் ஊன்ற, அடியில் நெரிபட்டபோது இசை பாடியே அருள் பெற்றான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களிலே பெரும்பாலும் எட்டாவது பாடலை இந்நிகழ்ச்சிக்கென்றே வைத்துள்ளார். நெரித்ததும் இறைவன் திருவடி; வாளும் வாழ்நாளும் அளித்ததும் அவ்விறைவன் அருளே. ஒறுப்பும் அருளும் ஒருவன்மீதே ஒரே பொழுதில் விழுந்தமையைச் சைவ சமயத்தார் மறவாது போற்றி வந்துள்ளனர்.

மூன்றாவது ஆற்றல் மாயம். அரக்கர் வேண்டிய வடிவெடுக்க வல்லவர் என்பது காவிய மரபு. இம்மாயத்தின் வலியையும் அதன் எல்லையையும் கம்பர் பெருமான் நுட்பமாகக் காட்டியுள்ளார். சூர்ப்பணகை சீதையின் எழிலைக் கூறக் கேட்ட இராவணன் காம நோயால் வெதும்புகின்றான். பருவம் அவனைச் சுடுகின்றது, பருவத்தை மாற்றுமாறு ஏவுகின்றான், பருவமும் மாறுகின்றது. தண்மை வேண்டித் திங்களை அழைக்கின்றான், திங்களும் சுடுகின்றது. அதனை நீக்கி ஞாயிற்றை அழைக்கின்றான், அதுவும் சுடுகின்றது. விண்ணிற் செல்லும் சுடர்கள் அவன் சொற்கேட்டு வந்தும் போயும் ஏவல் புரிகின்றன. அவனுடைய நெஞ்சம் ஒன்றுமட்டும் அவன் சொல்லைக் கேட்கவில்லை. உலகையெல்லாம் ஆண்டவன் தன்னை ஆளமாட்டாது தவிக்கும் இக்காட்சியைக் கற்போர், நகைப்பதா இரங்குவதா என அறியாது நிற்பர்.

இதன்பின் நிகழும் மாயங்கள் யாவும் இத்தோல்வியின் கிளைகளே. மாரீசனைப் பொன்மானாக்கி அனுப்புகின்றான். தான் முதிய துறவியின் கோலம் பூண்டு பன்னசாலை வாயிலிலே நிற்கின்றான். போர் முற்றிய காலத்திலே, மகோதரன் சூழ்ச்சிப்படி மருத்தன் என்னும் அரக்கனைச் சனக மன்னன் வடிவெடுக்கச் செய்து, கட்டுண்டவனாகச் சீதையின்முன் கொணர்விக்கின்றான். வான்மீகியார் நூலிலே இராமனுடைய தலையைப் போன்ற ஒரு மாயத் தலை சீதைக்குக் காட்டப்படுகின்றது. கம்பரோ தந்தையின் வடிவையே கொணர்ந்து நிறுத்துகின்றார். அவ்வுருவம் தந்தையினது என்றே சீதை நம்பினாள், நம்பி அழுதாள். ஆயின், இராவணனுக்கு இணங்குமாறு அவ்வுருவம் உரைத்த மாத்திரத்தே, அச்சொல் அறத்தின் சொல் அன்று எனக் கடிந்து ஒதுக்கினாள். மாயம் கண்ணை வென்றது, அறிவை வெல்லவில்லை. மெய்யை அவளுக்குப் பின்னர்த் திரிசடை உணர்த்தினாள் எனினும், அவள் நெறி அதற்கு முன்னரே தெளிந்திருந்தது.

இம்மாயங்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மானின் வடிவு, துறவியின் வடிவு, தந்தையின் வடிவு ஆகிய மூன்றும் அழகு, தூய்மை, அன்பு என்னும் நற்பொருள்களுக்கு உரியன. தீமை தன் சொந்த முகத்தோடு சென்று ஒருவரையும் அழைக்கமாட்டாது. நன்மையின் முகத்தைக் கடன் வாங்கியே செல்லுதல் வேண்டும். கதை சொல்லும் பெரியோர் இதனையொட்டி ஒரு செய்தி கூறுவதுண்டு. எவ்வடிவும் எடுக்கவல்ல நீ இராமன் வடிவையே எடுத்துச் சீதைபாற் சென்றால் என்ன என்று ஒருவர் இராவணனை வினவினராம். அவ்வடிவை எடுத்துப் பார்த்தேன். எடுத்த அளவில் பிறர் மனைவியை நினைக்கும் எண்ணமே என்னை விட்டு அகன்றது என்று அவன் விடையிறுத்தானாம். இஃது எந்நூலில் உள்ளது என்று தேடுவதினும், இதனைச் சொல்லி வந்த மக்களின் அறிவை வியத்தலே தகும்.

இனி, அவனுடைய நற்பண்புகளை மறைத்துப் பேசுதலும் நேர்மையன்று. வான்மீகியார் நூலிலே, கட்டுண்டு அவன் அவையிற் சென்ற அனுமனே அவன் தோற்றத்தையும் பொலிவையும் வியந்து, அறத்தின் நீங்காதிருப்பின் இவன் தேவருலகையும் காக்கத் தக்கவன் என்று எண்ணுகின்றான். பகைவன் வாயிலாக வரும் புகழ் பொய்யாகாது. எனினும் புகழ்வதிலும் அளவு வேண்டும். சீதையைத் தீண்டாது நிலத்தோடு பெயர்த்துச் சென்றான் என்று கம்பர் பாடியதைக் கொண்டு, அவனைப் பண்பாளன் என்று சிலர் வாதிப்பர். விரும்பாத மகளிரைத் தீண்டின் அழிவான் என்ற சாபத்தையும் அக்காவியமே கூறுகின்றது. அச்சத்தாற் காத்த ஒழுக்கத்தை அறமென்று எண்ணுதல் கூடாது. சைனர்களுடைய இராம கதையிலோ, விரும்பாதவளைத் தீண்டேன் என்று அவன் தானே விரதம் பூண்டதாக உள்ளது. ஒரே செயல் ஓரிடத்தில் அச்சமாகவும் மற்றோரிடத்தில் நோன்பாகவும் நிற்றல் காண்க.

அவனுக்கு அறிவுரை கூறுவார் இலர் என்பதும் இல்லை. மாரீசன் கூறினான், வீடணன் கூறி அவனால் துரத்தப்பட்டான், கும்பகருணன், மானத்தைப் பேசிக்கொண்டே காமத்தைப் பேணுதல் தகுமோ என இடித்துரைத்து, பின்னர் அவன்பொருட்டே உயிர் கொடுத்தான். இந்திரசித்தும் இறுதியிலே அவ்வாசையை விட்டொழிக்குமாறு வேண்டினான். இத்துணைப் பேர் அன்பு பாராட்டும் தகுதி அவனிடம் இருந்தது. அவ்வன்பிற்குச் செவி சாய்க்கும் தகுதிமட்டுமே இல்லை. முதல் நாட்போரிலே படைக்கலம் அனைத்தும் இழந்து நின்றவனைக் கொல்லாது, மறுநாள் வருமாறு இராமன் விடுத்தான். வெறுங்கையோடு மீண்டவன் எதற்கு நாணினான்? விண்ணோரும் மண்ணோரும் நகைப்பதற்கு அன்று. சீதை நகைப்பாளே என்பதற்கு. அவன் தன் மகனிடத்துக் கூறும் விடை பின்னும் ஆழ்ந்தது. பிறரை நம்பியன்று, தன்னையே நம்பி இப்பகையைத் தேடிக்கொண்டதாகவும், தான் தோற்பினும் இராமன் பெயர் நிற்குமளவும் தன் பெயரும் நிற்கும் என்றும் அவன் உரைக்கின்றான்.

கல்லூரியிலே ஆங்கில நாடகம் கற்ற நமக்கு ஈண்டு சேக்சுபியரின் ‘புயல்’ நாடகத்துப் பிராசுபெரோ நினைவிற்கு வருவான். அவனும் உயர்குடிக் கோமகன். மிலான் நகரத்து ஆட்சிக்கு உரியவன். மந்திர வித்தையில் வல்லவன். தீவொன்றில் இருந்து காற்றையும் கடலையும் ஏவல் கொள்பவன். தன் நாட்டைக் கவர்ந்த பகைவர் யாவரும் தன் கையில் அகப்பட்டபோது, அவர்களை மன்னித்து, மந்திரக் கோலை முறித்து, நூலைக் கடலில் ஆழ்த்த உறுதி கொள்கின்றான். இராவணனும் அத்தகைய ஆற்றல் உடையவனே. ஆனால் கோலை முறிக்கும் பொழுது எது என்பதை அவன் அறியவில்லை. அறிந்தபோதும் அவன் மானம் இடங்கொடுக்கவில்லை. ஆற்றலுக்கு அழகு அதனை அடக்குதலில் உள்ளது என்பதை இவ்விருவரும் இருவேறு வழியாற் காட்டுகின்றனர்.

தமிழ்நாட்டிலே இருபதாம் நூற்றாண்டில் இராவணனைப் பற்றிய வழக்கு மீண்டும் எழுந்தது. புலவர் குழந்தை 1946ஆம் ஆண்டிலே ‘இராவண காவியம்’ என்னும் பெருநூலை வெளியிட்டு, அவனைத் தமிழ் வேந்தனாகவும் காவியத் தலைவனாகவும் பாடினார். 1948ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்நூலுக்குத் தடை விதித்தது. 1971ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. ஒரு காவிய மாந்தன்பொருட்டு அரசாங்கம் ஆணை பிறப்பிக்க நேர்ந்தமை, அவன் இன்னும் நம்மிடையே உயிரோடு வழக்காடுகின்றான் என்பதற்குச் சான்றாகும். ஆயினும், அவனை முற்றும் தீயவன் எனத் தள்ளுவோரும் குற்றமே இல்லாதவன் எனக் கொள்வோரும் அவனைச் சிறிதாக்கிவிடுகின்றனர் என்பதே எம் கருத்து. இருளும் ஒளியும் ஒருங்கே உடையவன் என்பதனாலன்றோ அவன் பெரியவனாயினான்?

முன்னர் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது மீள்வோம். ஏழாம் நூற்றாண்டிலே ஞானசம்பந்தப் பெருமான் பாடிய இராமேச்சுரப் பதிகத்திலேயே, இராவணனைக் கொன்ற பழி அறும்படி இராமன் அமைத்த தலம் இது என்பது பேசப்படுகின்றது. இலிங்கம் கொணரக் கயிலைக்குச் சென்ற அனுமன் வரத் தாழ்த்தமையால், சீதை மணலால் ஓர் இலிங்கம் அமைத்தாள் என்றும், இராமன் அதனைப் பூசித்தான் என்றும் தலவரலாறு கூறும். இராவணனால் மிகுதியும் துன்புற்றவள் சீதை. அவனைக் கொன்ற பழியைக் கழுவும் வழிபாட்டிற்கு மணலைக் குழைத்தனவும் அவள் கைகளே. இதனினும் உயர்ந்த நடுவுநிலையை யாண்டுக் காண்போம்? குற்றத்திற்குத் தண்டம் தவறவில்லை. தண்டித்தவனும், வீழ்ந்தவனது பெருமையை எண்ணித் தலை வணங்கத் தவறவில்லை.

இராமநாதபுரத்தை அடுத்த உத்தரகோசமங்கையிலோ, அவன் மனைவி மண்டோதரி இறைவனை வழிபட்டு அருள் பெற்றாள் என்று கூறுவர். வென்றவனுக்கு ஒரு கோயிலும், தோற்றவன் மனையாளுக்கு ஒரு கோயிலும் ஒரே கரையில் நினைவாக நிற்கின்றன. இராமேச்சுரத்து நெடிய பிராகாரங்களில் நடந்து, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி வரும் யாத்திரிகர், இராமநாதன் என்னும் திருப்பெயரைச் சொல்லுந்தோறும், இராமன் பெயரோடு தன் பெயரும் நிற்கும் என்று இராவணன் கூறிய சொல் பொய்க்கவில்லை என்பதை உணரலாம்.

மாணவ அன்பர்களே! கல்வி, கலை, அறிவியல் என்று நாம் பயில்வன யாவும் ஒருவகையில் மந்திரங்களே. அவை நம் சொற்கேட்டுப் பணி செய்யும். நல்வழி இது, தீவழி இது என்று நமக்குக் கூறா. பத்துத் தலைகளிலும் கல்வி நிரம்பியிருந்த ஒருவனுக்கு ஒரு நெஞ்சத்தை அடக்க இயலவில்லை. ஒரு தலையும் ஒரு நெஞ்சமும் உடைய நாம், அடுத்த முறை அக்கோயிலுக்குச் செல்லுங்கால், வென்றவனை வணங்குவதோடு வீழ்ந்தவனையும் சிறிது நினைந்து மீள்வோமாக.