வகுப்பறைக் கலந்துரையாடலுக்குப் பொருள் தெரிதல்: பூநகரியை முன்வைத்துச் சில குறிப்புகள்

வகுப்பறைக் கலந்துரையாடல் வினாவிடையின் மறுபெயரன்று. பூநகரிக் கோட்டையை முதலில் அமைத்தோர் யாவர் என வினவின், போர்த்துக்கேயர் என்ற ஒரு சொல்லே விடையாகும். அதன்மேற் பேசுவதற்கு யாதுமில்லை. சங்குப்பிட்டிப் பாலத்தின் நன்மைகள் என்பதும் கட்டுரைக்கே ஏற்றது. 2011 இல் அப்பாலம் திறக்கப்பட்டதனால் எவர் பயனடைந்தனர், எவர் தொழில் இழந்தனர் என வினாவை மாற்றியமைக்கும்போதே கலந்துரையாடல் தோன்றுகின்றது.

எனவே, தெரியப்படும் பொருள் நியாயமான கருத்து வேறுபாட்டிற்கு இடந்தருவதாயும், மாணவரின் அனுபவத்திற்கு எட்டுவதாயும், சான்றுகொண்டு ஆராயத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.

இதற்குப் பூநகரியின் மொட்டைக்கறுப்பன் நெல்லைத் தக்க உதாரணமாகக் கொள்ளலாம். மழையை நம்பி விளைவிக்கப்படும் இம்மரபினத்தைப் பேணுவதா, விளைச்சல் மிகுந்த புதிய இனங்களை நாடுவதா என்பது பல குடும்பங்களின் வாழ்வோடு தொடர்புடைய வினாவாகும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே அத்தடை நீக்கப்பட்டமை இவ்வினாவைக் கூர்மையாக்கியது. இருவகை நெல்லிலும் ஒவ்வொரு பிடி, விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் ஒன்று, மாறுபட்ட கருத்துடைய இரு கமக்காரரிடம் மாணவரே கேட்டெழுதிய குறிப்புகள் ஆகியன சாதனங்களாகப் போதும். சாதனங்கள் ஒரு பக்கத்தையே ஆதரிப்பின் முடிவு முன்னரே கூறப்பட்டதாகிவிடும். அவை நீண்டவையாயின் வாசித்து முடிப்பதிலேயே பாடவேளை கழியும். ஆதலின், அவற்றை முதல்நாளே வழங்குதல் நன்று.

பொருள் தெரிவில் மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். பூநகரி 1993 இலும் 2008 இலும் போர்க்களமாயிருந்த மண். இழப்பைச் சந்தித்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், "உமது வீட்டில் நடந்ததைக் கூறும்" எனக் கேட்பது கற்பித்தலாகாது. அதற்காகப் போரைப் பற்றி வாய்திறவாதிருத்தலும் தகாது. பொதுவில் அறியப்பட்ட நிகழ்வுகளையும் ஆவணங்களையும் முன்வைத்து, சொந்தக் கதையைக் கூறுவதா விடுவதா என்பதை மாணவரிடமே விடுதல் வேண்டும். மௌனமாயிருக்க விரும்பும் மாணவர் எழுத்தில் தம் கருத்தைத் தரலாம்.

ஆசிரியர் தம் கருத்தை முதலிற் கூறின், மாணவர் அதனையே வழிமொழிவர். அவர் இறுதியிற் பேசுதலே முறை. பாடவேளையின் முடிவில் மாணவர் ஒருமித்த கருத்துக்கு வந்தனரா என்பதன்று, எச்சான்று தம் எண்ணத்தை மாற்றியது என்பதை அவர்கள் எடுத்துக்கூற வல்லராயினரா என்பதே நாம் நோக்கவேண்டியதாகும்.