பால்கனியில் ஒரு தட்டு மண்

விளையாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிற்பான். மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடித்தபடி இரண்டு சுற்று வருவான். பின்னங்கால் மடியும். எல்லாம் ஐந்தாறு விநாடிதான். அதற்குள் தூக்கிக்கொண்டு ஓடினால் தரை தப்பும்.

ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகத்திலிருந்து நாய்க்குட்டி மணியைச் சென்னை மந்தைவெளி வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அவனுக்கு இரண்டு மாதம். எங்களுடையது மூன்றாவது மாடி. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தனி வீடுகள் இருந்த காலத்தில் நாய்க்கு யாரும் இடம் பார்த்து உச்சா, கக்கா போகப் பழக்கியதில்லை. கொல்லைப்புறக் கதவு திறந்தே இருந்தது. கொல்லை போய் ஃபிளாட் வந்த பிறகுதான் இந்தப் பாடம் வந்தது.

உண்மையில் குட்டிக்குச் சுத்தம் பிறவியிலேயே உண்டு. முதல் மூன்று வாரம் தாயே நக்கித் துடைத்துவிடும். நடக்கப் பழகியதும் குட்டி படுக்கையை விட்டுத் தள்ளிப் போய்த்தான் கழிக்கும். ஹால் எது, இடம் எது என்பதை மட்டும் நாம் காட்ட வேண்டும்.

தெருவில் இறக்கிக் காட்டவும் வழியில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் முடியப் பதினாறு வாரம் ஆகிவிடும். அதுவரை பார்வோ வைரஸ் பயம். நோயுள்ள நாயின் மலத்திலிருந்து மண்ணில் கலந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ரத்தபேதியில் ஒரு குட்டி துவள்வதைப் பார்த்தவர்கள் இதில் அவசரப்பட மாட்டார்கள்.

அதனால் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, நர்சரியில் வாங்கிய மண்ணைக் கொட்டினோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும், விளையாட்டு முடிந்ததும் அங்கே தூக்கிப் போவோம். "உச்சா போ" என்று ஒரே சொல், ஒரே குரல். போனதும் அந்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். உள்ளே வந்து கொடுத்தால், எதற்குக் கொடுத்தோம் என்று அவனுக்குத் தெரியாது. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதனால் இரவு இரண்டு மணிக்கும் அலாரம் வைத்தோம்.

"ஹால்ல போனா மூக்கைப் பிடிச்சு அதுலயே தேயுங்க, அப்பத்தான் புத்தி வரும்" என்றார் எதிர்வீட்டு மாமா. ஒரு நாள் எரிச்சலில் அப்படியே செய்தும்விட்டேன். மறுநாளிலிருந்து மணி கட்டிலுக்கு அடியில் ஒளிந்து உச்சா போகத் தொடங்கினான். மனிதர் கண்ணெதிரே உச்சா போவது ஆபத்து என்பதைத்தான் நான் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்தப் பயம் தெளிய இரண்டு வாரம் ஆயிற்று. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

துடைப்பதற்குப் பினாயில் வேண்டாம். அதன் நெடி நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அடியில் நிற்கும் பழைய வாடை குட்டிக்குத் தெரியும், மறுபடி அங்கேயே வருவான். பாதத்தில் ஒட்டியதை நக்கினால் விஷமும்கூட. வினிகர் மொசைக் தரையின் பளபளப்பை அரித்துவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் வாடையை வேரோடு எடுக்கிறது. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டு சொட்டாகப் போனால் திட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

கடைசி ஊசி போட்டு மூன்று வாரம் கழித்து மணியை லிஃப்டில் கீழே கூட்டிப் போனேன். நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது என்பதை விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே தெளிவாக்கிவிட்டது. அந்த உரிமை நமக்கு இருப்பதால்தான் என் பையில் எப்போதும் பழைய பேப்பரும் கவரும் இருக்கின்றன. காலை ஆறு மணி. வாசல்தோறும் ஈரம் காயாத கோலம். மணி ஒரு கோலத்தின் ஓரம் நின்று மோந்தான். பெல்ட்டை இறுக்கிப் பிடித்தேன். அவன் கோலத்தைச் சுற்றிக்கொண்டு புங்க மரத்தடி மண்ணுக்குப் போனான். இரண்டு சுற்று வந்தான். பின்னங்காலை மடித்தான்.